முக்காற்புள்ளி

எர்ணாவூரில், சகாயராணி வீட்டு மொட்டைமாடியில்,
சின்டெக்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில்
டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி.
காற்றை இழுக்கும். அதில் என்ன இருக்கிறது என்று எண்ணும்.
நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும்.
வயிறு சின்னது, இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

அதனால் தினமும் ராத்திரி பதினொன்றரைக்கு
தண்டையார்பேட்டையில், பாத்திரம் கழுவின ஈரம் காயாத மேடையில்
லேப்டாப்பை வைத்து உள்ளே நுழைவேன்.
கோப்பின் பெயர் எப்போதும் ஒன்றுதான்: இன்று.
அதை பிராங்க்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்த மெஷினுக்கு
நகலெடுத்து அனுப்புவேன்
(மாதம் நானூறு ரூபாய், அட்வான்ஸ் கேட்காத ஒரே ஹவுஸ் ஓனர்).
அங்கே போனதும் அது தேதியை ஒட்டிக்கொள்ளும்.
பிறகு இங்கே இருக்கும் இன்றை அழிப்பேன்.

கட்டளை ஒரே வரி.
எதை எடுக்க, எங்கே வைக்க.
எங்கே என்பதன் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி.
அது இருந்தால் அந்தப் பெயர் ஓர் ஊர்.
இல்லாவிட்டால் வெறும் பெயர்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை
அதை விட்டுவிட்டேன்.

பிழை என்று எதுவும் வரவில்லை.
நகலெடு என்றேன், எடுத்தது.
பாஸ்வேர்ட் கேட்கவில்லை.
சதவீதம் ஏறவில்லை.
நெட் இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.
அழித்தேன், தூங்கினேன்.

புதன் விடியற்காலை மூன்று மணிக்கு சகாயராணி போன்:
"கண்ணு எரியுதும்மா, தெருவே வெளிய நிக்குது,
புள்ளைங்களுக்கு ஈரத்துணி கட்டி வெச்சிருக்கோம்."
பின்னால் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள்.
"எல்லாம் பெட்டியில ஏறும்க்கா, எங்கயும் போகாது" என்றேன்.

அன்றைய ராத்திரி மேல் அம்புக்குறியை ஒரு தட்டு.
நேற்றைய வரி அப்படியே வந்து நின்றது.
வியாழனும் ஒரு தட்டு. வெள்ளி. சனி.

ஞாயிறு வரைபடம் போட உட்கார்ந்தேன்.
திங்களோடு கோடு நின்றுபோயிருந்தது.
பிராங்க்பர்ட்டில் தேடினேன், இல்லை.
பெட்டிக்குள் தேடினேன்.
அங்கே ஒரு கோப்பு,
பிராங்க்பர்ட் மெஷினின் முழுப்பெயரோடு,
எர்ணாவூர் மொட்டைமாடியில்.

டில்லிபாபுவிடம் இப்படிச் சொன்னேன்:
கவரில் விலாசம் எழுதி
தபால்பெட்டியில் போடாமல் பீரோவில் வைத்த மாதிரி.
"பீரோவுலதான கீது? எடு" என்றான்.
ஒரே கவர்தான்டா.
ஒவ்வொரு ராத்திரியும் பழைய கடுதாசியை எறிந்துவிட்டு
அதிலேயே புதுசை வைத்திருக்கிறேன்.

மிஞ்சியது சனிக்கிழமை.
கடல்காற்று அடித்த சனிக்கிழமை.
எண்கள் எல்லாம் நல்ல பிள்ளையாய்க் கைகட்டி நின்றன.

விசாரணைக்கு வந்த அதிகாரி தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்,
"புதன்கிழமை ரீடிங் இருக்கா மேடம்?"
சனிக்கிழமை இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.
சகாயராணி எழுந்தாள்:
"எழுதிக்கோங்க சார். மூணு மணி. மூணே காலுக்கு வாந்தி.
நாலுக்கு எதிர்வீட்டு மாமா ஆட்டோல ஏறினாரு."
அவர் எழுதிக்கொண்டார்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்
ஓரத்தில், சாய்வாக.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் என்னைத் திட்டவில்லை.
மணலி ரவுண்டானாவில் லாரிகளுக்கு நடுவே நின்றபோது மட்டும்
"அந்த ரெண்டு புள்ளி எப்படி இருக்கும், காட்டு" என்றாள்.
கண்ணாடியில் படிந்திருந்த தூசியில் விரலால் வைத்தேன்,
மேலே ஒன்று, கீழே ஒன்று.
"இம்மாத்தூண்டா?" என்றாள்.

இப்போது அனுப்பியதும் எண்ணுகிறேன்.
இங்கே எத்தனை வரி, அங்கே எத்தனை வரி.
பதினொன்றே முக்காலுக்கு மெசேஜ் வருகிறது:
போச்சா?
போச்சுக்கா.
எத்தினி?
ஆயிரத்து நானூத்தி நாப்பது.
அங்க?
அங்கயும்.
செரி, அழிச்சுக்கோ.

அழிக்கும் விசையின் மேல் விரல் இருக்கிறது.
இன்னொரு முறை எண்ணுகிறேன்.